நெல்லு மில் பொயிலர்ச் சூட்டில் பாசி டீசல்: கணக்கு எங்க உதைக்குது?

உமித்தூள் | 03.03.2024, இரவு 9.12

பரந்தன் பக்கத்துப் புழுங்கல் மில். நாளுக்கு 5 தொன் நெல்லு. பொயிலருக்கு எரியிறது உமிதான். புகைபோக்கி அடியில வெப்பமானி 220 பாகை காட்டுது. அந்தச் சூடு முழுக்க வானத்துக்குப் போகுது. நெல்லு ஊறவிட்ட தண்ணி நாத்தத்தோட வாய்க்காலுக்குப் போகுது.

யோசினை இதுதான்: ஊறல் தண்ணியை ஐதாக்கி ஒரு ஹெக்ரேயர் ஓடுகுளத்தில (துடுப்புச் சில்லால தண்ணி சுத்தி ஓடுற ஆழமில்லாத குளம்) பாசி வளர்க்கிறது. புகையில இருக்கிற காபனீரொட்சைட்டைக் குளத்துக்கு விடுறது. பாசியைப் பிடிச்சு, புகைச் சூட்டில காயவிட்டு, ஹெக்சேனில எண்ணெய் எடுத்து, மெதனோல் போட்டு டீசல் ஆக்கிறது. சூடு இலவசம், காபன் இலவசம், பசளையும் இலவசம். எல்லாரும் "பாசி டீசல் சரிவராது" எண்டு மொட்டையாச் சொல்லுகினம். எங்க நட்டம் எண்டு இலக்கத்தோட சொல்லுங்கோ.

கணக்குப்பிள்ளை | 03.03.2024, இரவு 10.40

இலக்கம்தானே, எழுதுவம். ஒரு கிலோ உலர்ந்த பாசியை அளவாப் பிடியுங்கோ.

திறந்த ஓடுகுளத்தில லீற்றருக்கு அரைக் கிராம் பாசி நிண்டால் நல்ல விளைச்சல். அப்ப ஒரு கிலோ பாசி 2000 லீற்றர் தண்ணிக்குள்ள கிடக்கு. படியவிட்டு, சுழற்றிப் பிழிஞ்சு 20 வீதத் திண்மத்துக்குக் கொண்டு வந்தாலும் கிலோவுக்கு 4 கிலோ தண்ணி ஒட்டிக்கொண்டுதான் வரும். கையில எடுத்தால் வழியாத பச்சைக் களி. ஆனால் ஐஞ்சில நாலு பங்கு தண்ணி.

அந்த 4 கிலோவையும் ஆவியாக்க மறைவெப்பம் மட்டும் 4 × 2.26 = 9 மெகாஜூல். உலர்த்தி 65 வீதத் திறனில ஓடினால் 14. இனி வரவு: கொழுப்பு 25 வீதம் எண்டு தாராளமா வைச்சால் கால் கிலோ எண்ணெய். கிலோவுக்கு 37.5 மெகாஜூல்படி 9.4. அதாவது 14 குடுத்து 9.4 வாங்கிறியள்.

இது உலர்த்திற செலவு மட்டும். குளத்துத் தண்ணியை அப்பிடியே சுழற்றி மிசினில (சென்ரிபியூஜ்) போட்டியள் எண்டால் கன மீற்றருக்கு ஏறத்தாழ 1 கிலோவாட் மணி கறண்ட் போகும். கிலோ பாசிக்கு 2 கன மீற்றர், 2 கிலோவாட் மணி, 7.2 மெகாஜூல். அதுவும் கறண்ட், எரிபொருளாக் கணக்குப் பார்த்தால் மூண்டு மடங்கு. முதல்ல படியவிட்டு 1 வீதத்துக்குக் கொண்டு வந்திட்டுச் சுழற்றினால் அதே வேலை 0.36 மெகாஜூலில முடியும். சூட்டை எங்க சேமிக்கலாம் எண்டு யோசிக்க முதல், தண்ணியைச் சூடில்லாமல் எவ்வளவு கழட்டலாம் எண்டு பாருங்கோ.

உமித்தூள் | 04.03.2024, காலை 6.55

அண்ணை, 14 மெகாஜூல் போனால் போகட்டும். அது காசு குடுத்து வாங்கிற சூடில்லையே?

கணக்குப்பிள்ளை | 04.03.2024, மதியம் 1.20

காசு இல்லைத்தான், அளவு இருக்குதோ எண்டதுதான் கேள்வி.

ஒரு தொன் நெல்லில உமி 200 கிலோ. ஒரு கிலோ உமி எரிய வெளிவாற புகை ஏறக்குறைய 6.5 கிலோ. 220இல இருந்து 100 பாகைக்கு இறக்கினால் 6.5 × 1.05 × 120 = 820 கிலோஜூல். அதுக்குக் கீழ இறக்க வெளிக்கிட்டால் உலர்த்திக்குத் தேவையான வெப்பநிலை வித்தியாசம் கிடையாது. 200 கிலோ உமிக்கு 164 மெகாஜூல். ஒரு கிலோ பாசி உலர 14 எண்டால், ஒரு தொன் நெல்லுச் சூட்டில 12 கிலோ பாசி காயும். உங்கட 5 தொன்னுக்கு 60 கிலோ.

ஒரு ஹெக்ரேயர் குளம் சதுர மீற்றருக்கு நாளுக்கு 15 கிராம் தந்தால் 150 கிலோ. மிச்சம் 90 கிலோ பாசி ஈரக்களியாவே கிடந்து அடுத்த நாள் காலமை மணக்கத் தொடங்கும்.

காபன் பக்கம் பிரச்சினை இல்லை. ஒரு கிலோ பாசிக்கு 1.8 கிலோ காபனீரொட்சைட்டு, 150 கிலோவுக்கு 270. ஒரு தொன் நெல்லு உமியில இருந்தே அவ்வளவு வருது. பாதி குமிழியாத் தப்பிப் போனாலும் உங்களிட்டை ஐஞ்சு மடங்கு கிடக்கு. காபனில பணக்காரன், சூட்டில ஏழை.

களத்துமேடு | 04.03.2024, மாலை 5.48

ஏன் எல்லாரும் பொயிலரையே கட்டிப்பிடிக்கிறியள்? மில்லில சீமெந்துக் களம் இருக்கெல்லோ?

வன்னி வெயில் ஒரு நாளைக்குச் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 5 கிலோவாட் மணி, 18 மெகாஜூல். அதில 35 வீதம் ஆவியாக்கத்துக்குப் போனால் 2.6 கிலோ தண்ணி கழண்டிடும். 150 கிலோ பாசியோட வாறது 600 கிலோ தண்ணி. 230 சதுர மீற்றர் காணும். 10,000 சதுர மீற்றர் குளத்துக்குப் பக்கத்தில 230 ஒரு மூலை. சனம் ஏ9 வீதி ஓரத்தில நெல்லுக் காயவிடுற இடத்தை விடக் குறைவு.

ஆனால் ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில பூசினால் சதுர மீற்றரில 8 கிலோ தண்ணி நிக்கும், மூண்டு நாள் எடுக்கும். மேல தோல் கட்டி உள்ள புளிக்கும். 3 மில்லிமீற்றருக்கு மேல போகாதேங்கோ. சதுர மீற்றருக்கு 3 கிலோ களி, 2.4 கிலோ தண்ணி, ஒரே வெயிலில செதிளாக் கழண்டு வரும். வெறுஞ் சீமெந்தில பூசினால் மணலும் சேர்ந்து வரும். கறுப்புப் பொலித்தீன் விரிச்சுப் பூசவேணும். மேல ஒளி புகிற பொலித்தீனில கூடாரம், இரண்டு முனையும் காத்துக்குத் திறப்பு. ஐப்பசியில இருந்து தை வரைக்கும் இந்தக் கதையை மறந்திடுங்கோ.

அறிவியல்நகர் | 05.03.2024, இரவு 11.30

களத்துமேடு அண்ணை சொன்னதில் இன்னொரு சிக்கல் உண்டு. பாசிக் கலத்தின் கொழுப்பைப் பிரிக்கிற நொதியம் கலம் செத்த பிறகும் ஈரம் இருக்கும்வரை வேலை செய்யும். ஆறுதலாகக் காய்ந்தால் சுயாதீனக் கொழுப்பமிலம் ஏறும். அது 2 வீதத்தைத் தாண்டினால் சோடியம் ஐதரொட்சைட்டு ஊக்கி டீசல் ஆக்காமல் சவர்க்காரம் ஆக்கும். கிளிசரினும் பிரியாது, எல்லாம் ஒரே கஞ்சியாக நிற்கும். பிறகு முதலில் அமிலத்தோடு மெதனோல், அடுத்தது காரத்தோடு மெதனோல் என்று இரண்டு படி போகவேண்டி வரும்.

களத்துமேடு | 06.03.2024, காலை 7.10

அப்ப அவிச்சுப்போட்டுக் காயவிட வேண்டியதுதான்! புழுங்கல் அரிசிக்கும் அதுதானே செய்யிறம்.

கணக்குப்பிள்ளை | 06.03.2024, இரவு 8.05

பகிடியாச் சொன்னாலும் கணக்கு நிக்குது. 750 கிலோ களியை 30இல இருந்து 80 பாகைக்குக் கொண்டுபோக 750 × 3.9 × 50 = 146 மெகாஜூல். சில நிமிசம் அந்தச் சூட்டில நிண்டால் நொதியம் செத்திடும். அதாவது ஒரு தொன் நெல்லின்ர புகைச் சூடு காணும், மிச்சம் நாலு தொன்னின்ர சூடு கையில நிக்கும். அதே புகையை உலர்த்த விட்டால் 12 கிலோவுக்குத்தான் காணும் எண்டு பார்த்தம். அவிக்க விட்டால் 150 கிலோவுக்கும் காணுது. ஆவியாக்கிற வேலையை வெயிலுக்கு விடுங்கோ.

களியைத் தட்டு வெப்பமாற்றியில விடாதேங்கோ, ஒரே கிழமையில அடைக்கும். குழாய்க்குள்ள குழாய்தான் சரி: உள்குழாயில களி, வெளியால சுடுதண்ணி. உள்ளுக்கு வேகம் செக்கனுக்கு 1 மீற்றருக்குக் குறைய வேண்டாம். புகையை நேராக் களிக் குழாயில அடிச்சால் சுவரில தீயும், அதால நடுவில ஒரு சுடுதண்ணிச் சுற்று வைக்கவேணும்.

அறிவியல்நகர் | 09.03.2024, இரவு 10.15

உலர்த்தாமல் விடுகிற வழி ஒன்றும் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. ஈரக்களியை அப்படியே 350 பாகை, 165 பாருக்கு மேல் அமுக்கத்தில் வைத்தால் நீர் கொதிக்காமல் திரவமாகவே நிற்கும். பாசி முழுவதும், புரதமும் மாப்பொருளும் சேர்ந்து, உடைந்து தாரெண்ணெய் ஆகும். கொழுப்பு மட்டுமல்ல, அதனால் விளைவு 35–40 வீதம் வரை போகும். 38 வீதம், கிலோவுக்கு 34 மெகாஜூல் என்றால் 13 மெகாஜூல் வரவு.

செலவு: நீரை 25இலிருந்து 350க்கு ஏற்ற கிலோவுக்கு 1.57 மெகாஜூல். தன்வெப்பக் கொள்ளளவை 4.18 என்று மாறாமல் வைத்துப் பெருக்கினால் 1.36தான் வரும், அது பிழை. 200 பாகையில் 4.5, 300இல் 5.7, 350ஐ நெருங்க இன்னும் வேகமாக ஏறும். 4 கிலோ நீருக்கு 6.3, திண்மத்துக்கு 0.5, மொத்தம் 6.8.

உலர்த்துவதோடு பார்க்க 14க்குப் பதில் 6.8 என்பது பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஆனால் இந்த 6.8 திரும்ப எடுக்கக்கூடிய சூடு. வெளியே வருகிற 350 பாகைத் திரவம் உள்ளே போகிற களியை எதிரோட்டத்தில் சூடாக்கும். 80 வீதம் மீண்டால் வெளியிலிருந்து கொடுக்க வேண்டியது 1.4 மட்டும். உலர்த்தியில் போன மறைவெப்பம் ஆவியாக 100 பாகைக்குக் கீழே வெளியேறுகிறது. அளவு அதேதான், ஆனால் 100 பாகையில் இன்னொரு தண்ணீரைக் கொதிக்க வைக்க அதனால் முடியாது. அந்த ஆவியை இயந்திரத்தால் அழுத்தி வெப்பநிலையை ஏற்றினால் முடியும், அதற்கு ஒரு தொன் ஆவிக்கு 20–40 கிலோவாட் மணி கறண்ட் வேண்டும், தடித்த களியில் அந்தச் சாமான் ஓடாது.

1970களின் கடைசியில் லின்ஹொஃப் என்ற பொறியியலாளர் கொண்டுவந்த பிஞ்ச் முறை இதைத்தான் வரைபில் காட்டும். சூடு கொடுக்கிற ஓட்டங்களை ஒரு கோட்டிலும் வாங்குகிற ஓட்டங்களை மற்றக் கோட்டிலும் சேர்த்து வைத்தால் இரண்டும் மிக நெருங்குகிற இடம் ஒன்று வரும். அதற்கு மேலே குளிரூட்டாதே, கீழே அடுப்பு எரிக்காதே, அதைக் கடந்து சூடு கடத்தாதே. மூன்று விதிதான். திரவத்துக்குத் திரவம் 10 பாகை இடைவெளி, புகைக்குத் திரவம் என்றால் 20–30 விடவேண்டும்.

லேத்துக்காரர் | 09.03.2024, இரவு 10.52

தம்பி, 350 பாகை, 165 பார். கிளிநொச்சியில உள்ள வெல்டிங் கடையளில பைப் ஒட்டி இதைச் செய்ய வெளிக்கிட்டால் பாசியோட சேர்த்து ஆளும் தாரெண்ணெய்தான்.

சத்தியமாச் சொல்லுறன், வரைபில அழகான சாமான். ஆனால் அமுக்கம் இறக்கிற வால்வில களித்துணிக்கை ஊசியாக் கீறும். 316 துருவேறா உருக்குக் கூட குளோரைட்டும் சூடும் சேர்ந்தால் வெடிப்பு விடும், அதுக்கு 350 பாகை தேவையில்லை, 60க்கு மேல போனாலே பயம். உப்புத்தண்ணிப் பாசி எண்டால் நிக்கல் கலப்புலோகம் வேணும். அந்த விலைக்கு இன்னொரு மில் போடலாம்.

அறிவியல்நகர் | 10.03.2024, காலை 9.00

வெல்டிங் கடைக்கு யாரும் போகச் சொல்லவில்லை, அண்ணை. சோதிக்கப்பட்ட அமுக்கப் பாத்திரம் இல்லாமல் அந்த வழிக்குப் போகவே கூடாது. சூடு திரும்ப எடுக்க முடிந்த வழி எது, முடியாத வழி எது என்று காட்டவே எழுதினேன்.

உப்புவயல் | 12.03.2024, மாலை 4.30

படியவைக்கிற கதையைக் கணக்குப்பிள்ளை ஒரு வரியில தாண்டிப் போட்டார். அரை மைக்கிரோமீற்றர் இல்லை, 5–10 மைக்கிரோமீற்றர் கலம் எண்டாலும் மேற்பரப்பில எதிரேற்றம், ஒண்டை ஒண்டு தள்ளும், தானாப் படியாது. ஆனையிறவில உப்பு விளைஞ்சு முடிய மிஞ்சிற கசப்பு நீர் முழுக்க மகனீசியம். பாசித் தண்ணியில கொஞ்சம் விட்டு, சுண்ணாம்புப் பாலால காரத்தன்மையை pH 10.5க்கு மேல ஏத்தினால் மகனீசியம் ஐதரொட்சைட்டு பஞ்சாப் படிஞ்சு பாசியையும் இழுத்துக்கொண்டு போகும்.

அளவு தண்ணிக்குத் தண்ணி மாறும், போத்தல் சோதினை செய்யவேணும். தெளிஞ்ச ஒரு லீற்றர்ப் போத்தல் ஆறு. கசப்பு நீர் 0, 1, 2, 3, 4, 5 மில்லிலீற்றர். எல்லாத்துக்கும் சுண்ணாம்புப் பால் விட்டு 10.5. ஒரு நிமிசம் வேகமா, 15 நிமிசம் மெதுவாக் கலக்கி, 30 நிமிசம் நிக்க விடுங்கோ. மேல தெளியிற முதல் போத்தலின்ர அளவை எடுங்கோ, அதுக்கு மேல போடுறது வீண்.

மிஞ்சிற தெளிதண்ணி காரமாத்தான் இருக்கும். அதைக் குளத்துக்குத் திருப்பி விடுற வழியில புகையைக் குமிழி விட்டால் காரத்தண்ணி காபனீரொட்சைட்டை நல்லா உறிஞ்சும். காரமும் இறங்கும், குமிழி தப்புறதும் குறையும். ஒரு கல்லில இரண்டு மாங்காய்.

அறிவியல்நகர் | 12.03.2024, இரவு 9.45

அருமை, ஆனால் அந்தக் களியை மேலே நான் எழுதிய 350 பாகை வழிக்கு அனுப்பக்கூடாது. மகனீசியமும் கல்சியமும் பொசுபேற்றோடு சேர்ந்து முன்சூடாக்கும் குழாயில் கல்லாகப் படியும், சூடேறச் சூடேறக் கரைதிறன் குறைகிற உப்புகள் அவை. சூடு மீள்வது 80 வீதத்திலிருந்து 50க்கு விழுந்தால் வெளிச்சூடு 1.4 இல்லை, 3.4. களியில் சாம்பலும் ஏறும்.

உப்புவயல் | 13.03.2024, காலை 8.20

350 பாகைக் கனவைத்தானே லேத்துக்காரர் ஏற்கனவே அடக்கம் செய்திட்டார். பயோகாசுத் தாங்கிக்கு அனுப்பினால்?

கணக்குப்பிள்ளை | 16.03.2024, இரவு 9.30

பயோகாஸ் எண்ட சொல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான்.

பாசி ஒரு கிலோவில சேதனப் பகுதி 90 வீதம். அதில கிலோவுக்கு கால் கன மீற்றர் மெதேன் எண்டு வைச்சால் 0.9 × 0.25 × 35.8 = 8 மெகாஜூல். எண்ணெய் வழியில 9.4. ஒண்டரை மெகாஜூலை விட்டுக்கொடுத்தால் உலர்த்தல் இல்லை, ஹெக்சேன் இல்லை, மெதனோல் இல்லை. 20 வீதம் கூடத் தேவையில்லை, 4 வீதக் களி காணும். அது படியவிட்டே எடுக்கலாம். சுழற்றியையே வாங்க வேண்டாம்.

குளிர்நாட்டில 4 வீதக் களியை 35 பாகையில வைச்சிருக்கவே காஸ் பாதி போகும். இங்க தண்ணியே 28–30. தாங்கி தன்ர பாட்டில ஓடும். நாளுக்கு 150 கிலோ, 4 வீதம், 3.75 கன மீற்றர். 25 நாள் நிக்க 94 கன மீற்றர்த் தாங்கி.

பிரச்சினை கலச்சுவர். குளோரெல்லா, செனடெஸ்மஸ் மாதிரிப் பாசியள் எல்லாம் தாங்கிக்குள்ள போய் உயிரோடயே திரும்பி வரும். 80 பாகையில சில மணித்தியாலம் அவிச்சால் சுவர் இளகும். இங்கதான் வெப்ப இணைப்பு உண்மையா உழைக்குது. ஒரு கிலோ பாசியோட 24 கிலோ தண்ணி. 30இல இருந்து 80க்கு ஏத்த 24 × 4.18 × 50 = 5 மெகாஜூல். எஞ்சினில காஸ் எரிச்சால் கறண்ட் 30 வீதம், 2.4. எஞ்சினைக் குளிர்த்துற தண்ணிச் சட்டையிலயும் புகையிலயும் எடுக்கக்கூடிய சூடு 40 வீதம், 3.2. 5 வேணும், 3.2 இருக்கு, காணாது. ஆனால் அவிஞ்ச களி 80 பாகையில வெளிய வருது. 10 பாகை இடைவெளி விட்டு எதிரோட்டத்தில விட்டால் புதுக்களி 70 வரைக்கும் தானாச் சூடாகும். வெளியில இருந்து கடைசி 10 பாகை மட்டும்: 24 × 4.18 × 10 = 1 மெகாஜூல். 3.2இல 2.2 மிஞ்சுது. அவிஞ்சது 40 பாகையில தாங்கிக்குப் போகும், அது தாங்கிக்கும் பிடிச்ச சூடு.

ஒரே ஒரு குழாய்க்குள்ள குழாய். நீளமாச் செய்யுங்கோ, அவ்வளவுதான்.

உமித்தூள் | 16.03.2024, இரவு 10.10

அப்ப கறண்ட் 2.4 மெகாஜூல் விக்கலாமோ?

கணக்குப்பிள்ளை | 17.03.2024, காலை 7.40

விக்க என்ன மிஞ்சுது எண்டு பாருங்கோ. ஒரு ஹெக்ரேயர் குளத்துத் துடுப்புச் சில்லு 2 கிலோவாட், 24 மணித்தியாலம்: 173 மெகாஜூல், கிலோ பாசிக்கு 1.15. புகை ஊதுறதுக்கு, குமிழி பாதி தப்பும் எண்டு வைச்சு, 0.7. தண்ணி இறைக்க 0.2. மொத்தம் 2 தாண்டியிட்டுது. கைக்கும் வாய்க்கும் சரி.

துடுப்பில பிடிக்கலாம். தண்ணி வேகத்தின்ர மும்மடிக்கு ஏற்பச் சக்தி போகும். 30 சென்ரிமீற்றர் வேகத்தை 20க்கு இறக்கினால் மூண்டில ஒரு பங்குக்கும் குறைவு. பகல் 20–25, இரவு 15. இரவு பாசி வளராது, படியாமல் இருந்தால் காணும். வளைவில வழிகாட்டித் தகடு போடாட்டி உள்மூலையில சேறு சேர்ந்து அழுகும், அதுக்காக வேகத்தைக் கூட்டினால் கணக்குத் திரும்ப விழும்.

லேத்துக்காரர் | 17.03.2024, மாலை 6.15

எஞ்சினுக்கு விட முதல் காசில கந்தக வாயு (ஐதரசன் சல்பைட்டு) எடுக்கவேணும், இல்லாட்டி எஞ்சினுக்குள்ள செப்புக் கலப்புப் பெயாரிங்குகளைத் தின்னும், எண்ணெயும் புளிக்கும். லேத்தில விழுற இரும்புச் சுருளைத் தண்ணி தெளிச்சுத் துருப்பிடிக்க விட்டு, ஒரு பிளாஸ்ரிக் பீப்பாவுக்க நிரப்பி, காசை அதுக்குள்ளால விடுங்கோ. கறுத்துப் போனால் எடுத்துக் காத்தில விரிச்சால் திரும்பத் துருவாகும். விரிக்கேக்க சூடேறும், உமிக் குவியலுக்குப் பக்கத்தில விரிக்காதேங்கோ.

போர்க்காலப் பெற்றோல் தடையில மண்ணெண்ணெயில மோட்டர்சைக்கிள் ஓட்டின சனத்துக்கு இதெல்லாம் பெரிய வித்தையில்லை. சேலைன் குழாயால ரெண்டு துளி பெற்றோல் குடுத்து எழுப்பிப்போட்டு மண்ணெண்ணெயில இழுத்த எஞ்சினுக்கு பயோகாஸ் பால்சோறு.

களத்துமேடு | 17.03.2024, இரவு 7.00

2022 பெற்றோல் வரிசையில நிக்கேக்க உந்தச் சேலைன் குழாயைத் தேடின ஆக்கள் கனபேர்.

உப்புவயல் | 20.03.2024, மாலை 3.50

தாங்கிக்கு இன்னொரு கவனம். பாசியில காபனுக்கு நைதரசன் விகிதம் 6–10, அது மிகக் குறைவு. அமோனியா ஏறி மெதேன் நுண்ணுயிர் படுத்திடும். மாட்டுச்சாணியில தொடங்கி, வெட்டின வைக்கோலைச் சேர்த்து 20–30க்குக் கொண்டு வரவேணும். வைக்கோல் இரண்டு அங்குலத்துக்கு மேல நீளமா இருந்தால் மிதந்து மேல பாய் கட்டும். உமி போட வேண்டாம், அது சிலிக்கா, கிடந்த மாதிரியே கிடக்கும்.

நான் சொன்ன மகனீசியம் இங்கயும் வேலை காட்டும்: அமோனியாவும் பொசுபேற்றும் சேர்ந்து வெளிக்குழாய் முழங்கையில வெள்ளைக் கல்லாப் படியும். முழங்கைக்குப் பதிலாக் கழட்டிற மூடி வைச்ச ரீ (T) மூட்டுப் போடுங்கோ. சுரண்டி எடுக்கிற கல்லு நல்ல பசளை. 2021 உரத் தடைக்குள்ள ஆராவது சுரண்டியிருந்தால் தங்கவிலை.

அறிவியல்நகர் | 22.03.2024, இரவு 10.30

இடம் சார்ந்த ஒன்று. அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் 1978 முதல் 1996 வரை நடத்திய நீர்வாழ் இனத் திட்டத்தில், நியூ மெக்சிக்கோவின் ரோஸ்வெல்லில் 1000 சதுர மீற்றர்க் குளங்கள் இரண்டு போட்டார்கள். சில நாட்கள் சதுர மீற்றருக்கு 50 கிராம் கூட வந்தது. சராசரி 10 அளவில்தான், காரணம் இரவுக் குளிர். அங்கே 40 பாகைக் கழிவுச் சூட்டைக் குளத்தில் கொட்டினால் விளைச்சல் ஏறும். ஆகவே வெளிநாட்டுக் கட்டுரைகளில் தாழ்சூட்டைக் குளம் வாங்கும்.

வன்னியில் அந்த வாங்குநர் இல்லை. சித்திரையில் மூடிய குழாய் வளர்ப்பி 45 பாகையைத் தாண்டி அவிந்துபோகும், தண்ணீர் தெளித்துக் குளிரவைக்க வேண்டி வரும். திறந்த குளம் ஆவியாகித் தானே தணியும், ஆனால் நாளுக்கு 5 மில்லிமீற்றர் என்றால் ஹெக்ரேயருக்கு 50 கன மீற்றர் போகும். சோளகக் காற்று வீசத் தொடங்கினால் இன்னும் கூட. அதனால்தான் மிச்சத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று பார்க்காமல் இதைத் தொடங்கக்கூடாது என்பேன். சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் பாசி வளர்க்கிறேன் என்று கமக்காரர் முன் போய் நின்று பாருங்கள்.

களத்துமேடு | 22.03.2024, இரவு 10.44

யானையளை விட்டிட்டியள். ஆவணியில பச்சைத் தண்ணியெண்டு பாக்காது. குளத்துக்கு அடியில போடுற ஒரு மில்லிமீற்றர் விரிப்பு மாட்டுக் குளம்புக்கே கிழியும்.

கணக்குப்பிள்ளை | 24.03.2024, மதியம் 12.15

தாழ்சூட்டை வாங்க ஆளில்லை எண்டு தம்பி சொன்னது குளத்துக்குச் சரி. ஆனால் வாங்கிற ஆள் மில்லுக்குள்ளயே நிக்கிறார்.

நெல்லு ஊறப்போடுறது 70 பாகைத் தண்ணியில. ஒரு தொன் நெல்லுக்கு 1.2 தொன் தண்ணி, 30இல இருந்து 70க்கு: 1200 × 4.18 × 40 = 200 மெகாஜூல். நெல்லைச் சூடாக்க இன்னொரு 70. மொத்தம் 270. இப்ப அது முழுக்கப் பொயிலர் ஆவியில இருந்து போகுது. புகையில கிடக்கிறது தொன்னுக்கு 164. அதாவது ஊறல் சூட்டில 60 வீதம் புகையிலயே இருக்கு. பொயிலர்த் திறன் 65 வீதம், உமி கிலோவுக்கு 14 மெகாஜூல் எண்டால், தொன்னுக்கு 18 கிலோ உமி மிச்சம். 5 தொன்னுக்கு நாளுக்கு 90 கிலோ. செங்கல் சூளைக்கும் கோழிக்கூட்டுக்கும் உமிக்கு ஆள் இருக்கு.

70 பாகைத் தேவைக்குப் பொயிலர் ஆவி, 220 பாகைப் புகை ஆகாயத்துக்கு: தம்பி எழுதின மூண்டு விதியில ஒண்டை மில் ஒவ்வொரு நாளும் மிதிக்குது. முதல் வெப்பமாற்றியைப் பாசிக்குப் போடாதேங்கோ, ஊறல் தாங்கிக்குப் போடுங்கோ. பாசிக் களி அவிக்கிறதை எஞ்சின் சூடே பார்த்துக்கொள்ளும்.

உமித்தூள் | 24.03.2024, இரவு 9.20

சரி, டீசலை விடுவம். ஊறல் தண்ணி, குளம், தாங்கி, எஞ்சின். புகைச்சூடு ஊறல் தாங்கிக்கு. வெப்பமாற்றியை எப்பிடிக் கட்டுறது? புகைபோக்கிக்குள்ளயே குழாய்ச் சுருள் இறக்கலாமோ?

லேத்துக்காரர் | 25.03.2024, காலை 6.30

இறக்காதேங்கோ. உமிச் சாம்பல் பத்தில ஒம்பது பங்கு சிலிக்கா, அரமாத் தேய்க்கும், சுருளுக்க கட்டியாயும் நிக்கும். புகைபோக்கிக்கு முதல் பக்கவழி ஒரு பெட்டி. நேர்வரிசையில நிமிர்ந்த குழாய், இடைவெளி குழாய் விட்டத்தின்ர இரண்டு மடங்கு, மாறுவரிசை வேண்டாம். அடியில கூம்பு, சாம்பல் தட்டுற கதவு. பக்கவழியை மூடுற தகடும் வையுங்கோ, துப்பரவாக்கேக்க மில் நிக்கக்கூடாது.

உங்கட பொயிலருக்கு இழுவிசிறி இருக்கோ? புகைபோக்கி தன்ர சூட்டிலதான் இழுக்குது. 220ஐ 100க்கு இறக்கினால் இழுவை செத்து, அடுப்பு வாயால புகை திரும்பும். விசிறி இல்லாட்டி 150க்கு மேல நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி விசிறி பூட்டுங்கோ, அதின்ர கறண்டையும் கணக்கில எழுதுங்கோ.

கிணத்துத் தண்ணி வன்னியில சுண்ணாம்புத் தண்ணி. 70 பாகைக்கு ஏத்தேக்க குழாய்க்குள்ள வெள்ளையாப் படியும். இரண்டு பக்கமும் திறக்கிற மூடி வைச்சுக் கட்டினால் கம்பித் தூரிகை விட்டு உரசலாம். ஒட்டி மூடினால் அமிலம்தான் வழி.

அறிவியல்நகர் | 25.03.2024, இரவு 8.50

220 என்று சொன்ன அளவு எப்போது எடுத்தது? உமி தள்ளின உடனேயா, தணல் ஆறின நேரமா? ஒரு முழுக் கொதிப்புக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள், வெப்பமானி முனை புகைபோக்கி நடுவில் இருக்கவேண்டும், சுவரில் தொடக்கூடாது. அதோடு எரித்த உமியை ஒரு நாள் முழுக்க நிறுத்து எழுதுங்கள். அந்த இரண்டும் இல்லாமல் குழாய் எத்தனை என்று சொல்லமுடியாது.

உமித்தூள் | 26.03.2024, காலை 7.05

விசிறி இல்லை. வெப்பமானி சுவரிலதான் கட்டியிருக்கு. நடுவுக்கு இறக்கிப்போட்டு எழுதுறன்.